கைதாங்கியின் தையலும் ஒரு திருத்தமும்

எனது காருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இருவரில் எவருக்கு முதலில் உதிரிப்பாகம் கிடைக்காமற் போகும் என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி எழுகின்ற கேள்வி. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, விற்றுவிட எண்ணியிருந்த இந்தக் காரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது. ஆனால் வரியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விலைகளைக் கேட்டபின், பழைய காரின் மீது எனக்கிருந்த பாசம் பன்மடங்காகிவிட்டது.

அந்தக் காரின் சாரதிப் பக்கக் கதவில், முழங்கையை ஊன்றிக்கொள்ளும் மெத்தை ஒன்று உண்டு. கராஜ்காரர்கள் அதனை 'ஆம்ரெஸ்ட்' என்பார்கள். இங்கே கைதாங்கி என்று எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள், கைதாங்கியின் மேற்புறத்தையும் பக்கவாட்டையும் இணைக்கும் தையல் ஓரங்குல நீளத்துக்கு விட்டிருப்பதைக் கண்டேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, தையல் விட்டால் என்ன என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதங்களில் ஓரங்குலம் நான்கு அங்குலமாயிற்று. உள்ளேயிருந்த ஸ்பொஞ் மஞ்சள் தூளாக உதிர்ந்து வெள்ளைச் சட்டையின் கையில் ஒட்டத் தொடங்கியது.

பத்திரிகைக் காரியாலயத்தில் நாற்பது ஆண்டுகள் உதவி ஆசிரியனாக இருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பிழையையும் பக்கம் அச்சுக்குப் போவதற்குள் எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கடையில் சிறு குழாயில் விற்கும் சூப்பர் குளூவை வாங்கி வந்து, விட்டுப்போன இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து ஒட்டினேன். ஒட்டியது. எனது ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒட்டியது. மூன்றாம் நாள் காலி வீதியில் ஒரு முச்சக்கரவண்டிக்கு இடம் விடுவதற்காக முழங்கையை அழுத்தி வண்டியைத் திருப்பியபோது, 'டக்' என்ற சத்தத்துடன் அது பிளந்தது. இம்முறை பசை காய்ந்த இடம் கண்ணாடித் துண்டுபோல் இறுகியிருந்ததால், அதன் பக்கத்தில் இருந்த நல்ல ரெக்சினும் சேர்ந்து கிழிந்தது.

அதன் பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டிலிருந்த சாதாரணப் பருத்தி நூலையும் நேர் ஊசியையும் எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்தபடி தைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் தாங்கியது. பின்னர் ஊசி போட்ட புதிய துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட வெட்டாகிவிட்டன. அதன் மேல் கைக்குட்டையை மடித்துப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

முதலில் போன குஷன் கடையில் இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, நான்கு கதவுகளுக்கும் புதிய உறை போடுவதுதான் வழி என்றார். ஒரு கதவை மட்டும் செய்தால் நிறம் வேறுபடும் என்றும் சொன்னார். அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் அவர் சொன்ன தொகை, ஒரு தையலுக்காகக் கொடுக்கக்கூடிய தொகையாக எனக்குத் தோன்றவில்லை. கராஜில் இதனைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, பஞ்சிகாவத்தைக்கு அப்பால் மாளிகாவத்தைப் பக்கமாக ஓர் ஒழுங்கைக்குள் வயதான ஒருவர் இருக்கிறார், கையாலேயே தைப்பார் என்று வழி சொன்னார்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் தேடுபவர் எவரும் பஞ்சிகாவத்தையை மிதிக்காமல் இருக்க முடியாது. அங்கே கிடைக்காதது எங்கும் கிடைக்காது என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக உள்ள நம்பிக்கை.

தகரக் கூரை போட்ட சிறு பட்டறை. முச்சக்கரவண்டியின் ஆசனம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். எழுந்து வந்து கதவைத் திறந்து, விட்டுப்போன தையலின் மேல் கட்டை விரலை ஓட்டினார். பசை இறுகிய இடத்தில் விரல் நின்றது.

"இதை ஆர் ஒட்டினது?"

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு விடயங்கள் உறைத்தன. ஒன்று, இவர் 'யார்' என்று கேட்கவில்லை, 'ஆர்' என்று கேட்டார். கொழும்பு முஸ்லிம்களின் பேச்சு எனக்கு நன்கு பழக்கம். இந்த 'ஆர்' என் காதில் எங்கள் ஊருடையதாகவே ஒலித்தது. மற்றையது, நான் பதில் சொல்லியாக வேண்டும்.

"யாரோ ஒரு பாஸ் ஒட்டிவிட்டார்" என்றேன்.

கைவினைஞரை 'பாஸ்' என்று அழைப்பது எங்கள் நாட்டு வழக்கம். பெயரில்லாத ஒரு பாஸின் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நானா, நீங்கள் யாழ்ப்பாணமா?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஐஞ்சுசந்தியடி. நீங்க?"

ஊரைச் சொன்னேன். அதுவரை 'சேர்' என்று அழைத்தவர் அதன் பின் 'தம்பி' என்றே அழைத்தார்.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களிற் பலர் தங்கள் காரைத் தாங்களே திருத்திக்கொள்பவர்கள். நான் செய்த பிழையை அவர்கள் செய்யாதிருக்கட்டும்.

முதலில் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் சும்மா இருந்தார். கதவுக்குள் யன்னல் சுவிட்சின் மின்கம்பிகள் இருக்கின்றன. சில கார்களில் காற்றுப்பையோ அதற்குச் செய்தி அனுப்பும் உணரியோ கதவிலேயே இருக்கலாம். எனவே அவசரப்படக் கூடாது. பிறகு கைப்பிடிக் குழிக்குள் சிறு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே மறைந்திருந்த ஸ்குரூவையும், கதவு திறக்கும் பிடிக்குப் பின்னால் இருந்ததையும் கழற்றினார். கதவின் உட்பலகையை அடிப்பகுதியிலிருந்து மெல்ல நெம்பினார். அதனைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வயதானால் ஓட்டாஞ்சல்லி போல உடையும். இரண்டு உடைந்தன. டப்பாவிலிருந்து வேறு இரண்டை எடுத்து வைத்துவிட்டு, பலகையை மேல்நோக்கித் தூக்கி யன்னல் விளிம்பிலிருந்து விடுவித்து, சுவிட்சின் இணைப்பையும் பிடியின் கேபிளையும் கழற்றினார். கைதாங்கி பலகையின் பின்புறத்திலிருந்து ஸ்குரூக்களால் பூட்டப்பட்டிருந்தது. அது தனியே கைக்கு வந்தபோதுதான், காருக்குள் குனிந்து கொண்டு தைக்க முயன்ற எனது மடமை எனக்கு விளங்கியது. மறுபக்கத்தைப் பார்க்காமல் தையல் போட முடியாது.

"இதில இரண்டு தையல் இருக்கு தம்பி" என்று காட்டினார். வெளியே தெரிவது அழகுக்கு ஓடும் தையல். உள்ளே மறைந்திருப்பதுதான் இரு துண்டுகளையும் பிடித்து வைத்திருப்பது. வெளித்தையல் மட்டும் அறுந்தால் காரில் இருந்தபடியே சரிசெய்யலாம். ஸ்பொஞ் தெரிகிறது என்றால் உள்தையல் போய்விட்டது என்று பொருள். தொழிற்சாலையில் இயந்திரம் போடும் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டுக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் முழங்கை அழுத்த அழுத்த இரு பக்கமும் உருவிக்கொண்டே போகும். ஓரங்குலம் நான்கு அங்குலமானது இப்படித்தான்.

தையல் ஏன் விட்டது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. சாரதியின் வலது முழங்கை நாள்தோறும் ஒரே இடத்தில் ஊன்றுகிறது. வியர்வையும் உடலின் எண்ணெயும் நூலுக்குள் இறங்குகின்றன. யன்னலூடாக வெயில் விழுகிறது. வெயிலில் நூல் பலமிழக்கிறது, ரெக்சினோ ஆண்டாண்டாகத் தன் மென்மையை இழந்து சுருங்குகிறது. சுருங்கும் துணி நலிந்த நூலை இழுக்கிறது. அறுந்த நூலை மட்டும் மாற்றிவிட்டு, சுருங்கிய துணியை அப்படியே விட்டால் புதிய நூலும் அறுந்துவிடும்.

எனவே அவர் நூலைத் தொடுவதற்கு முன்னரே நெடுநேரம் செலவிட்டார். நான் போட்ட சூப்பர் குளூவைக் கரைக்கக்கூடிய திரவம் ரெக்சினையும் கரைக்கும் என்பதால், இறுகிய விளிம்பைப் பிளேட்டினால் மயிரிழை மயிரிழையாகச் சீவினார். இருபுறமும் சற்றுத் துணி குறைந்தது. தூளாகிப்போன ஸ்பொஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய புதிய துண்டு ஒன்றை வைத்தார். துளைகள் கிழிந்திருந்த இடங்களில் உட்புறமாகக் கன்வஸ் நாடாவை, காய்ந்தாலும் வளையக்கூடிய பசையால் ஒட்டினார். பசையை இரு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஈரம் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே அழுத்தினார். பின்பு ரெக்சினை வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் சில நிமிடங்கள் போட்டு வைத்தார். சூட்டில் அது இளகி, இழுத்த இழுப்புக்கு வந்தது. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் முடி உலர்த்தியை மிதமான சூட்டில் தூரப்பிடித்து இதனைச் செய்யலாம். குளிரில் விறைத்திருக்கும் ரெக்சினை இழுத்தால் வெடித்துவிடும்.

நூல் பொலியஸ்டர். பருத்தி வியர்வையில் உக்கும், நைலோன் பலமானது என்றாலும் வெயிலைத் தாங்குவதில் பொலியஸ்டரே மேல் என்றார். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் மூன்று முறை இழுத்தெடுத்து, இரு முனையிலும் இரு பிறைவடிவ ஊசிகளைக் கோர்த்தார். அந்த ஊசிகளின் முனைகளைக் கல்லில் தேய்த்து மழுங்கச் செய்திருந்தார். கூர்மையான ஊசி அல்லவா நல்லது என்று கேட்டேன்.

"கூர் ஊசி தான் நினைச்ச இடத்தில இறங்கும். மொட்டை ஊசிதான் பழைய ஓட்டையைத் தேடிப் போகும். புது ஓட்டை போட்டால் தபால் முத்திரை கிழியிற மாதிரிக் கிழியும்."

விட்டுப்போன இடத்துக்கு ஓரங்குலம் முன்னாலேயே, இன்னும் நல்ல நிலையிலிருந்த தையலின் மேல் தொடங்கினார். ஒரே துளைக்குள் ஓர் ஊசி இங்கிருந்தும் மற்றையது அங்கிருந்தும் போய் வந்தன. இவ்வாறு தைத்தால் நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொண்டிருக்கும். நூலைத் தன்னை நோக்கி இழுக்காமல் தையல் ஓடும் திசையிலேயே இழுத்தார், இல்லையென்றால் துளை நீண்டுவிடும். அவர் கண்ணால் பார்த்துத் தைக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, இடது கை விரலால் துளையைத் தடவித் தடவித் தைத்தார்.

தைத்தபடியே கதை சொன்னார். பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்தில் குஷன் வேலைக்குச் சேர்ந்தவர். ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று அக்காலத்தில் எங்கள் ஊரில் ஓடிய கார்களின் ஆசனங்களில் அவர் கை படாதவை குறைவாம். பின்னர் சொந்தமாகத் தையல் இயந்திரம் வாங்கிப் பட்டறை வைத்திருக்கிறார். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கி, பெற்றோல் தடைப்பட்டு, கார்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடிய நாட்களில் குஷன் வேலை அற்றுப்போயிற்று. பழைய கார் ஆசனங்களின் ரெக்சினை வெட்டிச் சைக்கிள் ஆசனங்களுக்கு உறை தைத்தாராம்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வந்து கூடும்படி ஒலிபெருக்கியில் அறிவித்த நாள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. அந்த ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ 75,000 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். அவரும் அப்படித்தான். வழியில் சோதனையிட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். இயந்திரம் வீட்டோடு போயிற்று.

"ஒரு ஊசி மட்டும் சட்டைக் கொலர்ல குத்திக் கிடந்தது. வேலை நேரத்தில குத்தி வைக்கிற பழக்கம். எனக்கே ஞாபகமில்ல. புத்தளத்தில சட்டையைக் கழற்றேக்கதான் கையில ஏறிச்சுது."

அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தேன். "அந்த ஊசியா இது?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் ஆசை!

சிரித்தார். "அது முறிஞ்சு எத்தனையோ வருஷம் தம்பி. இது பஞ்சிகாவத்தையில வாங்கினது."

2009இன் பின்னர் ஒருமுறை ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. பிள்ளைகள் கொழும்பிலும் புத்தளத்திலும் வேரூன்றிவிட்டார்கள். திரும்பிவிட்டார்.

"நீங்க அப்ப என்ன வேலை?" என்று கேட்டார்.

"கொழும்பில் பேப்பரில் இருந்தேன்."

"அப்ப எங்கட விஷயம் போட்டனீங்களோ?"

"போட்டோம்" என்றேன்.

அது பொய்யன்று. போட்டோம். ஆனால் எப்படிப் போட்டோம் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசித் தையலைக் கடந்து மேலும் ஓரங்குலம் போய், இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கி வந்து, நூலை வெட்டி, லைட்டரின் சுவாலையில் முனையை உருக்கி நகத்தால் அழுத்தினார். எல்லாவற்றையும் கழற்றிய ஒழுங்கின் தலைகீழாகப் பூட்டினார். பசை முற்றாக இறுகும்வரை ஒரு நாள் அதன் மேல் முழங்கையை வைக்க வேண்டாம் என்றார். அவர் கேட்ட கூலி, குஷன் கடையில் சொன்னதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

பணத்தைக் கொடுக்கும்போது மனம் பொறுக்காமல், "நானா, அந்தக் குளூவைப் போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி. உங்கட விரல்ல இன்னும் காய்ஞ்சு கிடக்குதே."

எனது ஆட்காட்டி விரலைப் பார்த்தேன். நகத்தோரம் வெள்ளையாக ஒரு படலம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அதே விரலை நீட்டி நீட்டி அவரிடம் கேள்விகள் கேட்டிருக்கிறேன்.

வீடு திரும்பும் வழி முழுவதும் கையை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினேன். குளூவைப் பற்றிய பொய்யைச் சொல்லிக் கழித்துவிட்டேன். மற்றையது இருந்தது. 1990 நவம்பர் தொடக்கத்தில் அந்தச் செய்தி எங்கள் மேசைக்கு வந்தபோது, அதற்குத் தலைப்பிட்டவன் நான். 'வெளியேற்றப்பட்டனர்' என்று முதலில் எழுதினேன். பிறகு அதனை வெட்டிவிட்டு 'இடம்பெயர்ந்தனர்' என்று எழுதினேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. செய்தி முழுமையாக வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் என் தாயாரும் சகோதரிகளும் இருந்தார்கள் என்பதும் உண்மை. இவை காரணங்கள்தாம். ஆயினும் அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது என்பதே முதற்காரணம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் மக்கள் இடம்பெயர்வார்கள். அந்தச் சொல்லில் செய்தவன் எவனும் இல்லை. 'யாரோ ஒரு பாஸ்' என்று நான் சொன்னதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

பத்திரிகைகளில் பிழை நேர்ந்தால் மறுநாள் உட்பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் திருத்தம் போடுவோம். அது எங்கள் தொழிலின் தர்மம். நான் பல நூறு திருத்தங்கள் எழுதியிருக்கிறேன். பெயரின் முதலெழுத்து மாறியதற்கும், மரண அறிவித்தலில் ஊர் தவறியதற்கும் எழுதியிருக்கிறேன். இதற்கு எழுதவில்லை. அப்பத்திரிகையில் இப்போது எனக்குப் பக்கம் இல்லை. இங்கே இருக்கிறது.

திருத்தம்: 1990 நவம்பரில் நான் தலைப்பிட்ட செய்தியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் 'இடம்பெயர்ந்தனர்' என்றிருந்ததை, 'வெளியேற்றப்பட்டனர்' என வாசிக்கவும். தவறு என்னுடையது. வருந்துகிறேன்.

இந்தத் திருத்தத்தால் எவருடைய கூரையும் திரும்பி வந்துவிடாது என்பதை அறிவேன். அன்று அதைப் படித்தவர்களிற் பலர் இன்று இல்லை. ஆனாலும் படிக்க வேண்டிய ஒருவர் மாளிகாவத்தையில் இருக்கிறார்.

கைதாங்கி உறுதியாக இருக்கிறது. நான்கு மாதங்களாக முழங்கையை ஊன்றி ஓட்டுகிறேன், ஓரிழையும் அசையவில்லை. புதிய நூலின் கறுப்பு, பழைய நூலின் கறுப்பைவிடச் சற்று அழுத்தமாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

நாளைக் காலையில் இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். இடது பக்கக் கதவின் தையலும் ஓரங்குலம் விட்டிருக்கிறது.